உள்நாட்டுக் காரா, இறக்குமதிக் காரா? செட்டிநாட்டில் வைத்து ஓட்ட எது நம்பகமானது?

கேள்வி: பள்ளத்தூர் வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கார் வாங்குவது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் முடிவு எட்டவில்லை. இந்தப் பக்கத்தில் வண்டி வைத்து ஓட்டுகிறவர்களின் அனுபவத்தைக் கேட்டபின் முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே தயாராகும் ஒரு புதிய பெட்ரோல் கார், எல்லாச் செலவும் சேர்த்து ஏறக்குறைய பதினான்கு லட்சத்துக்கு வருகிறது. அதே பணத்துக்குச் சென்னையில் தெரிந்தவர் ஒருவர் தம்முடைய ஜெர்மன் டீசல் காரைத் தர முன்வந்திருக்கிறார். அது முழு வண்டியாகவே இறக்குமதியானது, 2020-ஆம் ஆண்டுப் பதிவு, 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்றாவதாக, கோலாலம்பூரில் இருக்கும் என் மைத்துனர், நான்கு ஆண்டுகளாகத் தாம் ஓட்டிவரும் ஜப்பானியக் காரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார்.

என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அப்பச்சிக்கு, எழுபத்து நான்கு வயது. எங்கள் வீட்டு அம்பாசிடர் இருபத்தாறு ஆண்டுகள் ஓடியதைச் சொல்லி, உள்நாட்டு வண்டியே போதும் என்கிறார். வெளிநாட்டு வண்டியின் உறுதி கதவை மூடும் சத்தத்திலேயே தெரியும் என்பது மைத்துனரின் வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

வண்டியின் உபயோகத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றாடம் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் போய்வர வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று ஏதாவது ஒரு கோயிலுக்கு அப்பச்சியை அழைத்துப் போவேன். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க மதுரைக்குப் போகிறோம். பிள்ளைகளின் படிப்புக்காக ஆண்டில் மூன்று நான்கு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையில் இருப்போம். அப்போது வண்டி இங்கேயே நிற்கும். பெருமைக்காக வண்டி தேடவில்லை. முதியவரை வைத்துக்கொண்டு ஆளரவமற்ற சாலையில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பதில் 1: தேவகோட்டை ஒர்க்‌ஷாப்

முப்பத்தொரு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். உள்நாடு, வெளிநாடு இரண்டும் என் கைக்கு வருகின்றன. நீங்கள் கேட்ட கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் பதில் கிடைக்கும். வண்டி எத்தனை நாளைக்கு ஒருமுறை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் எத்தனை நாளில் மறுபடி ஓடுகிறது என்பது இன்னொன்று.

உங்கள் அப்பச்சி சொல்லும் அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வடிவம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாரித்தார்கள். அந்த வண்டி அடிக்கடி பழுதாகும் என்பதை அதை ஓட்டிய எவரும் மறுக்கமாட்டார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அடைக்கும், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட் தேயும், முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்குக் கிரீஸ் வைக்காவிட்டால் ஸ்டியரிங் இறுகும். ஆனால் திருப்பத்தூர்ச் சாலையில் நின்றால் அங்கேயே ஒரு மெக்கானிக், ஸ்பேனரும் எமரி தாளும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் ஓட்டிவிடுவார். இருபத்தாறு ஆண்டு ஓடியதற்குக் காரணம் அதன் பழுதுக்கு ஊர் முழுவதும் மருந்து இருந்ததுதான். இறக்குமதியாகும் இன்றைய ஜெர்மன் கார் அதற்கு நேர் எதிரானது: பழுது குறைவு, ஆனால் பழுதானால் கணினி வைத்துப் பார்க்கும் இடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்த இடம் மதுரையிலோ திருச்சியிலோ, சில சமயம் சென்னையிலோ இருக்கும்.

அடுத்து, நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்புறாங்கல் பூமி இது. கோயில்களுக்குப் போகும் கிளைச் சாலைகளில் முன்னே ஒரு டிராக்டர் போனால் பின்னால் வருகிற வண்டி செந்தூளுக்குள்தான் போகும். சென்ற மாதம் ஒரு காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சிமென்ட் தரையில் தட்டினேன். ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. அந்த வண்டி கடைசியாக சர்வீஸ் ஆனதிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஐரோப்பியக் கையேட்டில் போட்டிருக்கும் நீண்ட சர்வீஸ் இடைவெளியை இங்கே அப்படியே பின்பற்றினால், எந்த நாட்டு எஞ்சினாக இருந்தாலும் அதன் ஆயுள் குறையும். தண்ணீரும் அப்படித்தான். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அப்படி ஊற்றிய ஒரு ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தபோது, குழாய்களின் உள்சுவரில் பானைக்கடியில் படிவதுபோல வெள்ளை உப்பு படிந்து பாதித் துளை அடைந்திருந்தது.

உங்கள் உபயோகத்துக்கு டீசல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இப்போதைய டீசல் வண்டிகளில் இருக்கிறது. பிடித்த கரியை அது ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி இருபது நிமிடமாவது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினால் சூடு ஏறும் முன்பே பயணம் முடிந்துவிடும், சுத்தம் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும், வெப்பம் ஏற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போவது ஓரளவு உதவும். அது மட்டும் போதாது. இது உள்நாட்டு டீசலுக்கும் பொருந்தும். வேறுபாடு செலவில்தான் இருக்கிறது.

பதில் 2: புதுவயல்காரர், இப்போது ஒரகடத்தில்

கார் ஆலையொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். தேவகோட்டை அண்ணன் சொன்னவற்றை ஏற்கிறேன். நான் சொல்ல விரும்புவது, உள்நாடு, வெளிநாடு என்று நாம் போடும் கோடே இன்று எவ்வளவு தெளிவற்றது என்பதைத்தான்.

மாருதி 800, 1983 டிசம்பரில் வந்தபோது முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித் தயாரானவை. படிப்படியாகத்தான் அது இந்திய வண்டியானது. இப்போது நிலைமை தலைகீழ். இந்தியாவில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னி ஜப்பானில் 2025 தொடக்கத்தில் அறிமுகமானது. சில நாட்களிலேயே முன்பதிவை நிறுத்திவைக்கும் அளவுக்கு அங்கே ஆர்டர் குவிந்தது. ராஜஸ்தானில் தயாராகும் ஹோண்டா எலிவேட்டும் டபிள்யூ.ஆர்.-வி என்ற பெயரில் ஜப்பானுக்குப் போகிறது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவில் விற்றது. அந்த நாட்டு மக்களுக்கு நம் வண்டிதான் இறக்குமதி வண்டி. மறுபுறம், செங்கல்பட்டு அருகே பி.எம்.டபிள்யூ. 2007 முதல் பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டிக் கார் தயாரிக்கிறது. அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

அமெரிக்காவில் இந்த விவாதம் ஐம்பது ஆண்டுப் பழமையானது. அங்கே உள்நாட்டு வண்டி மட்டம், ஜப்பானிய வண்டி உசத்தி என்ற எண்ணம் 1970-களிலும் 80-களிலும் வேரூன்றியது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. தரமும் தொழிலாளர் உறவும் சீர்கெட்டதால் 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதையே திறந்தன. திரும்ப வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. நிர்வாக முறைதான் மாறியது: வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம், குறையை மூடி மறைத்து அடுத்தவருக்குத் தள்ளக் கூடாது. சிறிது காலத்தில் அங்கிருந்து வந்த வண்டிகளின் தரம் ஜப்பான் ஆலையை நெருங்கியது. ஒரே கூரையின் கீழ் டொயோட்டா கொரோலாவும் ஷெவர்லே பெயரில் அதன் இரட்டைப் பிறவியும் உருவாயின. தரம் என்பது மண்ணில் இல்லை, வேலைமுறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்யும் வேலையும் அதுதான் என்பதால், இந்தியாவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வண்டியைக் குறைத்துப் பேசுவதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது.

கதவுச் சத்தத்தைப் பற்றி ஒரு சொல். கனமான ரப்பர் பீடிங், கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வுத் தாள், பூட்டின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு அந்தச் சத்தத்தைத் திட்டமிட்டே உருவாக்குகிறார்கள். அது வடிவமைப்பாளரின் அக்கறையைக் காட்டும். கியர்பாக்ஸின் ஆயுளைக் காட்டாது.

வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்து முடிவு செய்ய நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணும் ஆய்வில், தொடுதிரை உறைந்துபோவதும் ஒரு குறை, எஞ்சின் நின்றுபோவதும் ஒரு குறை. உங்கள் கவலை இரண்டாவது வகை மட்டுமே. மேலும் அங்கே ஆய்வுக்குட்படும் வண்டிகள் ஓடும் எரிபொருளும் சாலையும் வெப்பமும் வேறு.

மூன்றாவது வழியை நீங்கள் மறந்துவிடலாம். பயன்படுத்திய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது தயாரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். மலேசியாவில் ஸ்டியரிங் வலப்புறம் இருப்பதால் அந்த ஒரு நிபந்தனை நிறைவேறும், ஆனால் நான்கு ஆண்டு வண்டி அனுமதிக்குள் வராது. வந்தாலும் வரிகள் எல்லாவற்றையும் கூட்டினால் வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும்.

பதில் 3: கோட்டையூர்

இறக்குமதிக் கார் ஒன்றை ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டிலும் இன்றுவரை ஒரு குறையும் கண்டதில்லை; சென்னைக்கு நிறுத்தாமல் ஓட்டினாலும் உடம்பு அலுக்காது. இதை மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் சென்ற ஆண்டு ஆவணி மாதம், விடியற்காலையில் திருமயம் தாண்டி வரும்போது சாலையோரப் புதரிலிருந்து ஒரு மயில் எழுந்து வலப்பக்க முகப்பு விளக்கில் மோதியது. பறவை அங்கேயே இறந்துவிட்டது. அந்தக் காட்சி இன்னும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. விளக்கின் கண்ணாடி உடைந்தது, உள்ளே இருந்த ஒரு தாங்கி விரிந்தது, அவ்வளவுதான் சேதம். கண்ணாடியை மட்டும் மாற்ற வழியில்லை, முழு விளக்குத் தொகுதியும் வேண்டும் என்றார்கள். அது கடல் கடந்து வந்து சேர நாற்பத்தேழு நாள் ஆயிற்று. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழித்துத்தான் கொடுத்தார்கள். அந்த நாற்பத்தேழு நாளும் இரவில் வெளியே போக முடியவில்லை. என் தம்பியின் உள்நாட்டுக் காருக்கு இதே போன்ற சேதம் வந்தபோது மதுரையிலிருந்து பஸ் பார்சலில் விளக்கு வந்து மறுநாள் மாலை பூட்டிவிட்டார்கள்.

உங்களுக்கு வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தால் இறக்குமதிக் காரை வாங்குங்கள் என்பேன். ஒரே வண்டி என்றால் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: பள்ளத்தூர் வீட்டுக்காரர்

மூவருக்கும் நன்றி. மைத்துனரிடம் இறக்குமதி விதியைச் சொன்னேன், அவரும் விசாரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வண்டி மூன்று நான்கு மாதம் நிற்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த வகையில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?

பதில் 4: காரைக்குடி, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை

நிற்கும் வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு கார் செட்டிலும் ஒரு வண்டி உறை போர்த்தி நிற்கிறது. பொங்கலுக்கோ, முன்னோரை வணங்கும் படைப்புக்கோ ஊருக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு மல்லுக்கட்டுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். நம் ஊர் வண்டிகள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பாட்டரி. சாவியை எடுத்த பிறகும் அலாரம், பூட்டு, கணினி எல்லாம் சிறிது சிறிதாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். மின்னணுக் கருவி மிகுந்த வண்டியில் இந்த இழுப்பும் பொதுவாக மிகுதி. ஆகவே இறக்குமதியான உயர்ரகக் காரில் பாட்டரி விரைவில் இறங்கிவிடும். முழுதும் இறங்கிய ஈய-அமில பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. எளிய உள்நாட்டு வண்டியில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். சில வெளிநாட்டு வண்டிகளில் அப்படிக் கழற்றினால் மறுபடி ஸ்டியரிங், ஜன்னல் கண்ணாடி முதலியவற்றைக் கணினியில் சீரமைக்க வேண்டியிருக்கும். அவற்றுக்குப் பாட்டரியின் திறனைத் தானே காத்துக்கொள்ளும் சார்ஜர் பொருத்துவது மேல்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அரை டாங்க் பெட்ரோலோடு நின்றால், டாங்கின் வெற்றிடத்திலுள்ள காற்றிலிருந்து ஈரம் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இன்னும் மிகுதி. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான உள்நாட்டு வண்டிகளின் குழாய், வாஷர் போன்றவை இந்தக் கலவையைத் தாங்கும் பொருளால் ஆனவை. அதற்கு முந்திய வண்டியாக இருந்தால், உள்நாடோ வெளிநாடோ, டாங்க் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எத்தனால் எவ்வளவு வரை அனுமதி என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பழைய இறக்குமதி வண்டிகள் பலவற்றில் பத்து விழுக்காடு என்றே இருக்கும். நீங்கள் பார்க்கும் ஜெர்மன் வண்டி டீசல் என்பதால் இது அதற்குப் பொருந்தாது. அதன் சிக்கலைத் தேவகோட்டைக்காரர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

துரு பற்றிய அச்சம் நமக்குக் குறைவு. இங்கே காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துரு ஆராய்ச்சிக்காக மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உப்புக் காற்று உலோகத்தைத் தின்னும் வேகத்துக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் நமக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் சென்னையில் கடற்கரைப் பக்கம் ஆறு ஆண்டு நின்ற வண்டியை வாங்கினால், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை, குறிப்பாகப் பிரேக் குழாய் இணைப்புகளையும் சைலன்ஸர் தாங்கிகளையும், கையால் தடவிப் பாருங்கள்.

எலிக்கு மட்டும் நாட்டுப் பாகுபாடு கிடையாது. வயர் எந்த நாட்டில் செய்ததானாலும் கடிக்கும். வேறுபாடு, கடித்த பிறகு வயரிங் தொகுதி எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான். போவதற்கு முன் பானெட்டுக்குள் கிடக்கும் சருகைப் பெருக்கிவிட்டு, செட்டில் நெல் மூட்டையோ பழைய துணியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் இருமுறை நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை. எஞ்சினுக்குள் ஈரம் தங்குவதும் பாட்டரி இறங்குவதும்தான் மிச்சம்.

பதில் 5: தேவகோட்டை ஒர்க்‌ஷாப்

ஆசிரியை அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர்களில் வழக்கத்தைவிட நான்கைந்து பவுண்டு காற்று கூடுதலாக வைத்து நிறுத்துங்கள்; ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். நான்கு மாதம் ஹேண்ட்பிரேக் போட்டு நின்ற வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

உள்நாட்டில் தயாரானது என்பதாலேயே ஒரு வண்டியை வாங்கிவிடாதீர்கள். விற்பனை குறைந்து நிறுவனமே நாட்டைவிட்டுப் போவதும் நடக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது; என்றாலும் கிளைகள் குறைந்தால் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் தூரம் போக வேண்டும். வாங்கும் முன் காரைக்குடியிலோ புதுக்கோட்டையிலோ உள்ள ஸ்பேர் கடைக்குப் போய், அந்த வண்டியின் கிளட்ச் செட், முன் சஸ்பென்ஷன் ஆர்ம், ரேடியேட்டர் ஹோஸ், முகப்பு விளக்கு ஆகிய நான்கும் கைவசம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நான்கில் மூன்று அலமாரியில் இருந்தால் அந்த வண்டியை நம்பி வாங்கலாம்.

கேள்வி கேட்டவர்: பள்ளத்தூர் வீட்டுக்காரர்

இன்று காலை அண்ணன் சொன்னபடி காரைக்குடியில் ஸ்பேர் கடைக்குப் போய்க் கேட்டேன். நாங்கள் பார்க்கும் உள்நாட்டுக் காருக்கு கிளட்ச் செட்டும் ஹோஸும் விளக்கும் அலமாரியிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் மதுரையிலிருந்து மறுநாள் வருமாம். சென்னைக்காரரிடம் ஜெர்மன் வண்டி வேண்டாம் என்று நன்றியோடு சொல்லிவிட்டேன். மைத்துனருக்குக் கொஞ்சம் மனக்குறைதான். கோட்டையூர்க்காரரின் மயில் அனுபவத்தைப் படித்துக் காட்டியதும் பேசாமலிருந்தார்.

திரும்பி வந்து, அம்பாசிடருக்காக ஐயா (தாத்தா) காலத்தில் கட்டிய கார் செட்டின் தேக்குக் கதவைத் திறந்து நிலையின் உட்புற அகலத்தை அளந்தேன். ஆறேமுக்கால் அடி இருக்கிறது. புதிய வண்டி பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் உள்ளே போகும். அப்பச்சி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வருவதற்குள் செட்டில் இருக்கும் பழைய நெல் மூட்டைகளை எடுத்துவிட ஆள் சொல்லச் சொன்னார்.